தண்ணீரால் எழுப்பிய சுவர்
(மத்தியதரைக் கடலின் சிறு தீவுகள் சிலவற்றைப் பற்றிய உரை)



மத்தியதரைக் கடலின் தீவுகள் என்றவுடன் கிரீட், சிசிலி, சைப்பிரஸ் என்னும் பெரும் பெயர்கள் முன்னே வந்து நிற்கின்றன. சுற்றுலாக் கையேட்டைப் புரட்டியவர்க்குக் காப்ரியும் சந்தோரினியும் நினைவுக்கு வரும். ஆனால் அக்கடலின் உண்மையான செல்வம் அதன் சிறு தீவுகளில்தான் சிதறிக் கிடக்கிறது. கிரேக்க நாட்டுக்கு மட்டும், பாறைத் திட்டுகளையும் சேர்த்து எண்ணினால், ஏறத்தாழ 6000 தீவுகள் உண்டு என்பர். அவற்றுள் மக்கள் வாழ்பவை 250க்கும் குறைவு. எஞ்சியவற்றை ஆடுகளும் கடற்பறவைகளும் ஆள்கின்றன.

இச்சிறு தீவுகளுள் ஒரு வகையைப் பற்றியே இவ்வுரை. பேரரசர்களும், பின்வந்த சர்வாதிகாரிகளும், இராணுவத் தளபதிகளும் தமக்கு வேண்டாதவரைக் கொண்டுபோய் விட்ட தீவுகள் அவை. மதில் எழுப்பும் செலவின்றிக் கடலே அங்குச் சுவராக நின்றது. இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் சிறைத் தீவுகளைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். காகிதம் பறிக்கப்பட்ட மனிதர்கள் அத்தீவுகளில் எழுதினார்கள், அதுவே விடை.

முதலில் இத்தாலியின் மேற்குக் கரையை ஒட்டிய வெந்தொத்தேனே. ஃபோர்மியா என்னும் சிறு துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டு மணி நேரப் பயணம். மூன்று கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர்க்கும் குறைந்த அகலமும் கொண்ட எரிமலைத் திட்டு. வந்து இறங்குவோர் கண்ணில் முதலில் படுவது பழைய துறைமுகம். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான மென்பாறையை உரோமானியர் குடைந்து, பாறைக்குள்ளேயே கப்பல் நிற்கும் இடத்தை உண்டாக்கினர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் மீன்பிடிப் படகுகள் அதில் ஒதுங்குகின்றன. ஊரார் பெருமையுடன் விற்பது பருப்பு. நம் மைசூர்ப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த சிறுமணிப் பருப்பு. மழை குறைந்த எரிமலை மண்ணில் அது நன்றாக விளைகிறது.

தீவின் வடமுனையில் கடலைப் பார்த்தபடி ஒரு மாளிகையின் இடிபாடுகள் உள்ளன. பாண்டதேரியா என்பது இத்தீவின் பண்டைய பெயர். கி.மு. 2ஆம் ஆண்டில் பேரரசர் அகஸ்டஸ், ஒழுக்கக் கேட்டுக் குற்றம் சாட்டித் தம் ஒரே மகள் ஜூலியாவை இங்கு அனுப்பினார். மது அவளுக்கு மறுக்கப்பட்டது. பேரரசரின் அனுமதியின்றி ஆண் எவனும் அவளைக் காணலாகாது. அனுமதி பெற்று வருபவனின் வயது, உயரம், நிறம், உடலிலுள்ள தழும்பு வரை பேரரசருக்குத் தெரிவிக்கப்பட்டன என்று வரலாற்றாசிரியர் சுவேத்தோனியஸ் எழுதுகிறார். தாய் ஸ்கிரிபோனியா தானே விரும்பி மகளுடன் சென்றாள். ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் ஜூலியா பெருநிலத்துக்கு மாற்றப்பட்டாள். உரோமுக்குத் திரும்ப வழி இல்லாமற் போயிற்று.

அகஸ்டஸின் பேத்தி அகிரிப்பினா கி.பி. 29இல் இதே தீவுக்கு அனுப்பப்பட்டு, 33இல் உணவின்றி இறந்தாள். நீரோவின் இளம் மனைவி ஒக்டேவியா 62இல் இங்கேயே கொல்லப்பட்டாள். ஓர் அரச குடும்பத்தின் பெண்கள் இப்படி ஒருவர் பின் ஒருவராக ஒரு சிறு திட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த வீடு சிறைச்சாலையாகக் கட்டப்பட்டதன்று. நீராடு அறைகளும் மீன் வளர்க்கும் குளங்களும் கொண்ட கோடைக்கால உல்லாச மாளிகை அது. உல்லாசத்துக்குக் கட்டிய வீடே பூட்டப்பட்டபோது சிறையாயிற்று. ஜூலியா சொல்வன்மையும் நகைச்சுவையும் மிக்கவள். அவள் உரோமில் சொன்ன நகைமொழிகளை நானூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த மக்ரோபியஸ் தொகுத்து வைத்திருக்கிறார். தீவில் அவள் சொன்னதாக ஒரு சொல்லும் நமக்குக் கிடைக்கவில்லை.

வெந்தொத்தேனேயிலிருந்து பார்த்தால், இரண்டு கிலோமீட்டர் தொலைவில் சாந்தோ ஸ்தெஃபானோ என்னும் வட்டமான பாறைத் தீவு தெரியும். அதன் உச்சியில் 1795இல் நாப்பொலியின் புர்போன் அரசு குதிரைலாட வடிவில் ஒரு சிறைச்சாலையைக் கட்டி முடித்தது. அறைகள் யாவும் முற்றத்தை நோக்கியவை. நடுவில் நிற்கும் காவலன் எல்லோரையும் காணலாம். நாப்பொலி நகரின் சான் கார்லோ நாடக அரங்கின் அமைப்பை இது ஒத்தது என்பார்கள். ஆனால் நாடக அரங்கில் பலர் சுற்றி அமர்ந்து ஒருவனைப் பார்க்கிறார்கள். இங்கே ஒருவன் நடுவில் நின்று பலரைப் பார்த்தான்.

இச்சிறையில் கிடந்தவர்களுள் லூயிஜி செத்தெம்பிரீனி என்ற எழுத்தாளர் குறிப்பிடத்தக்கவர். 1851இல் அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. எட்டு ஆண்டுகள் அங்கிருந்த காலத்தில் அவர் கிரேக்க அங்கத ஆசிரியர் லூசியனின் படைப்புகளை இத்தாலிய மொழியில் பெயர்த்தார். தேவர்களையும் தத்துவவாதிகளையும் எள்ளி நகையாடும் நூல்களை ஆயுள் கைதி ஒருவர் பெயர்த்துக் கொண்டிருந்தார் என்பது எண்ணத்தக்கது. பெயர்ப்பு வேலையைக் கவிதைக்கு ஒரு படி கீழாக வைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. செத்தெம்பிரீனிக்கு அது மூச்சுக்கு நிகராக இருந்தது. 1859இல் அவரையும் பிற கைதிகளையும் அமெரிக்காவுக்குக் கடத்த அரசு கப்பலேற்றியது. கப்பல் தொழில் அறிந்த அவருடைய மகன் பணியாளனைப்போல் அதே கப்பலில் ஏறி, நடுக்கடலில் தன்னை வெளிப்படுத்தி, கப்பலை அயர்லாந்துக்குத் திருப்பச் செய்தான். நாவலில் எழுதினால் நம்பமாட்டோம்.

அரசர் முதலாம் உம்பெர்த்தோவைச் சுட்டுக்கொன்ற பிரேஷி 1901இல் மாண்டது இச்சிறையில்தான். பின்னாளில் இத்தாலியின் குடியரசுத் தலைவராகிய சாந்த்ரோ பெர்த்தீனியும் பாசிச ஆட்சியில் இங்குக் கைதியாக இருந்தார். 1965இல் சிறை மூடப்பட்டது.

முசோலினியின் காலத்தில் வெந்தொத்தேனே மீண்டும் பழைய தொழிலுக்குத் திரும்பியது. ஏறத்தாழ 800 அரசியல் எதிரிகள் அங்கு வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் அல்தியேரோ ஸ்பினெல்லி. இருபது வயது நிறைவதற்குள் 1927இல் கைதாகி, பத்து ஆண்டுகள் சிறையிலும் பின் தீவுகளிலுமாகப் பதினாறு ஆண்டுகளை இழந்தவர். கம்யூனிஸ்டாகச் சிறை புகுந்த அவர் ஸ்டாலினை விமர்சித்து 1937இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஆகவே தீவில் அவர் காவலர்களுக்கும் எதிரி, பழைய தோழர்களுக்கும் அயலார். இந்த இரட்டைத் தனிமையில் எர்னெஸ்தோ ரோஸ்ஸியுடன் சேர்ந்து 1941இல் அவர் ஓர் அறிக்கையை எழுதினார்; எயுஜேனியோ கொலோர்னி உடனிருந்து உரையாடினார். ஹிட்லரின் படைகள் ஐரோப்பா முழுவதையும் மிதித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. அந்நேரத்தில் இம்மூவரும், தேசங்கள் தம் எல்லையற்ற இறைமையைக் கைவிட்டு ஒரே கூட்டாட்சியாகச் சேரவேண்டும் என்று சிகரெட் தாள்களில் எழுதினர். கொலோர்னியின் மனைவி உர்சுலா ஹிர்ஷ்மன் கைதியல்லர், போய்வர முடிந்தவர். அந்தத் தாள்கள் பெருநிலம் சேர அவரே துணைநின்றார். கொலோர்னி 1944இல் உரோமில் பாசிஸ்டுகளால் சுடப்பட்டு இறந்தார்.

பிரசெல்ஸ் நகரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பெரிய கட்டடம் ஒன்று ஸ்பினெல்லியின் பெயர் தாங்கி நிற்கிறது. 1986இல் மறைந்த அவரோ வெந்தொத்தேனேயின் சிறு இடுகாட்டில் இருக்கிறார். 2016 ஆகஸ்டில் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி நாடுகளின் தலைவர்கள் மூவரும் அங்கே சென்று மலர் வைத்தார்கள். அவ்வாண்டு ஜூனில்தான் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதென வாக்களித்திருந்தது. மலர் வைத்தவர்கள் எத்தனை பேர் அந்த அறிக்கையை முழுவதும் படித்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

கிரேக்கத் தீவுகளுக்கு வருவோம். அங்கே பொருள் இன்னும் கடுமையானது.

ஈஜியன் கடலில் கியாரோஸ் என்றொரு தீவு. ஏறத்தாழ 23 சதுர கிலோமீட்டர், மரமில்லை, ஊரில்லை. உரோமப் பேரரசர் திபேரியஸே, குற்றவாளி ஒருவரை இங்கு அனுப்பலாம் என்று பேசப்பட்டபோது, தண்ணீர் இல்லாத இடம், உயிரை விட்டுவைத்தவனுக்கு உயிர்வாழ வழியும் விடவேண்டும் என்று மறுத்ததாகத் தாசிதஸ் பதிந்திருக்கிறார். கொடுங்கோலன் என்று பெயரெடுத்தவன் கொடிது என்று ஒதுக்கிய இடம்! நீரோ காலத்தில் தத்துவஞானி மூசோனியஸ் ரூஃபஸ் இங்கே அனுப்பப்பட்டார். அவர் ஓர் ஊற்றைக் கண்டுபிடித்தார் என்றும், அவரைக் காணக் கிரேக்கர் பலர் கடல் கடந்து வந்தனர் என்றும் ஒரு மரபுக்கதை வழங்குகிறது. 1947இல், உள்நாட்டுப் போரின் நடுவே, கிரேக்க அரசு திபேரியஸ் மறுத்ததைச் செய்தது. ஆயிரக்கணக்கான கைதிகள் அங்குக் கூடாரங்களில் வைக்கப்பட்டனர். தங்களை அடைக்கும் பெரிய சிறைக்கட்டடத்தைத் தாங்களே கட்டினர். 1967இல் ஆட்சியைப் பிடித்த இராணுவத் தளபதிகளும் இதையே பயன்படுத்தினர். 1974க்குப் பின் கடற்படை அதைப் பீரங்கிப் பயிற்சிக்கு இலக்காக வைத்திருந்தது. அதுவும் நின்றபின், அழிந்துவரும் மத்தியதரைக் கடல்நாய்கள் அதன் குகைகளில் குட்டி ஈனுகின்றன. மனிதர்க்கு ஆகாத இடம் அவற்றுக்கு ஆயிற்று.

மக்ரோனீசோஸ் இதைவிட அருகில் உள்ளது. ஏதென்ஸிலிருந்து தென்கிழக்கே லாவ்ரியோ துறைமுகத்துக்கு எதிரே, பதின்மூன்று கிலோமீட்டர் நீளத்தில் மெலிந்து கிடக்கும் தீவு. லாவ்ரியோவிலிருந்து கியா தீவுக்கு விடுமுறை கழிக்கச் செல்லும் கப்பல்கள் இதைக் கடந்தே போகின்றன. 1947 முதல் சில ஆண்டுகள் இடதுசாரி என்று ஐயுறப்பட்ட படைவீரர்களும், பின்னர்ப் பொதுமக்களும் பல்லாயிரக் கணக்கில் இங்குக் கொண்டுவரப்பட்டனர். அரசின் மொழியில் அது சிறையன்று, ‘மறுகல்வி’ நிலையம். கைதிகளைக்கொண்டே பார்த்தெனான் கோயிலின் சிறு மாதிரிகளைக் கட்டவைத்து, பண்டைக் கிரேக்கத்தின் மேன்மையை அவர்கள் கற்பதாக வெளிநாட்டு விருந்தினர்க்குக் காட்டினர். பார்வையாளர் போனபின் அடி தொடர்ந்தது.

கேட்கப்பட்டது ஒரு கையெழுத்து. கம்யூனிசத்தைத் துறந்தேன், தவறு செய்தேன் என்னும் அறிக்கை. கையெழுத்திட்டால் அது செய்தித்தாளில் வெளிவரும். சொந்த ஊர்க் கோயிலில் பலரறியப் படிக்கப்படும். கையெழுத்திட்டவன் பழைய தோழர்களை மனம் மாற்றும் வேலையிலும் ஏவப்படுவான். பெரும்பாலோர் கையெழுத்திட்டார்கள். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கையெழுத்திட மறுத்தவரைப் பற்றிப் பாடல்கள் இருக்கின்றன. இட்டவர் பல ஆண்டுகள் தம் வீட்டிலேயே தலைகுனிந்து வாழ்ந்தனர். தாகத்தாலும் கழியடியாலும் பெற்ற எழுத்தை ஒருவனுடைய எழுத்து என்று கொள்ள முடியுமா? எழுத்தைத் தொழிலாகவும் தவமாகவும் கொண்டோர் கூடும் அவை இதனைச் சற்றே எண்ண வேண்டும். இணங்காதவரைப் போற்றுவது எளிது. இணங்கியவரை இகழாதிருக்கக் கற்பது கடினம். இத்தீவைக் காணச் செல்லும் பயணி இரண்டையும் உடன்கொண்டு செல்வாராக.

கையெழுத்திடாதவர்களுள் ஒருவர் யானிஸ் ரிட்சோஸ். 1909இல் மோனெம்வாசியாவில் பிறந்தவர். இளமையிலேயே தாயையும் தமையனையும் காசநோய்க்கு இழந்தவர். தாமும் அந்நோயால் பல ஆண்டுகள் மருத்துவமனைகளில் கிடந்தவர். 1936இல் சலோனிகாவில் வேலைநிறுத்தம் செய்த புகையிலைத் தொழிலாளர்கள் சுடப்பட்டபோது, இறந்த மகனின்மேல் கவிழ்ந்து அழும் தாயின் நிழற்படத்தை நாளேட்டில் கண்டு, நாட்டுப்புற ஒப்பாரியின் பதினைந்து அசை அடியில் ‘எபிதாஃபியோஸ்’ என்னும் நெடும்பாடலை எழுதினார். அவ்வாண்டே வந்த சர்வாதிகாரம் அந்நூலின் எஞ்சிய படிகளை ஏதென்ஸில் சியூஸ் கோயில் தூண்களருகே எரித்தது. 1948இல் கைதான ரிட்சோஸ் முதலில் லிம்னோஸ் தீவுக்கும், 1949இல் மக்ரோனீசோசுக்கும், 1950இல் அய் ஸ்திராத்திஸ் தீவுக்கும் மாற்றப்பட்டு, 1952இல் விடுதலையானார்.

மக்ரோனீசோசில் எழுதுவது குற்றம். கிடைத்த துண்டுத் தாள்களில் எழுதி, புட்டிகளில் அடைத்து, மண்ணில் புதைத்து வைத்தார். ‘கல்லின் காலம்’ எனப் பொருள்படும் தலைப்புடைய தொகுதி இப்படிப் புதைந்து கிடந்து வெளிவந்தது. கல்லும் வெயிலும் காற்றும் தாகமும் அன்றி அக்கவிதைகளில் அணி என்று சொல்லத்தக்கது குறைவு. ரிட்சோஸின் பிற்கால நெடும்பாடல்களின் நயம் இவற்றில் இல்லை என்று குறை சொல்வோர் உண்டு. குறை உண்மைதான். ஆனால் காவலன் வருமுன் முடிக்கவேண்டிய கவிதைக்கும் மேசையில் திருத்தப்பட்ட கவிதைக்கும் ஒரே துலாக்கோலை வைப்பது திறனாய்வாகாது.

அய் ஸ்திராத்திஸ் வடக்கு ஈஜியனில் தனித்துக் கிடக்கும் தீவு. இன்றும் சில நூறு பேரே அங்கு வாழ்கின்றனர். 1930களிலிருந்தே அது அரசியல் கைதிகளின் தீவு. ஆற்றுப்படுகையோரம் கூடாரங்களில் அவர்கள் வாழ்ந்தனர். தாங்களே சமைத்து, வகுப்பு நடத்தி, மேடை அமைத்து நாடகம் போட்டனர். கிரேக்கத்தின் பெரும் நடிகர் மானோஸ் கத்ராக்கிஸ் அங்கிருந்த கைதிகளுள் ஒருவர். 1968 பிப்ரவரியில் வந்த நிலநடுக்கம் ஊரைச் சிதைத்தது. பழுதுபார்க்கக் கூடிய வீடுகளையும் இடித்துத் தள்ளி, தளபதிகளின் அரசு வரிசை வரிசையாகச் சிமெண்டு வீடுகளைக் கட்டியது. தீவில் இன்று ‘மக்களாட்சி அருங்காட்சியகம்’ என ஒன்று உண்டு. அதைக் காணச் செல்வோர் மேட்டில் நிற்கும் பழைய ஊரின் சில சுவர்களையும் காணவேண்டும். கைதிகளின் துயரம் அருங்காட்சியகம் பெற்றது; தம் வீடுகளை இழந்த ஊராரின் துயரத்துக்கு அவ்வளவு பெயர் கிடைக்கவில்லை.

இறுதியாக லேரோஸ். துருக்கிக் கரையை அடுத்த இத்தீவுக்குப் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து நெடுநேரக் கடற்பயணம். 1912 முதல் இரண்டாம் உலகப் போர் வரை இத்தாலியர் ஆண்ட தீவு இது. 1930களில் லக்கி என்னும் இடத்தில் கடற்படைத் தளமும், அகன்ற வீதிகளும் வளைந்த முகப்புகளும் கொண்ட ஒரு புத்தம்புது நகரும் அவர்கள் எழுப்பினர். ஈஜியன் தீவென்றால் வெள்ளைச் சுண்ணாம்பு வீடுகளை எதிர்பார்த்து வருபவர் இங்கே திகைப்பர். அக்கடற்படைக் குடியிருப்புகளின் பிற்கால வரலாறு விசித்திரமானது. உள்நாட்டுப் போருக்குப் பின் இடதுசாரிக் குடும்பத்து இளைஞர்களைத் திருத்தும் தொழிற்பள்ளி அவற்றில் இயங்கியது. 1957இல் மனநோயாளர் குடியிருப்பு வந்தது. கிரேக்கம் முழுவதிலிருந்தும் உறவினரற்ற நோயாளிகள் கப்பல் கப்பலாகக் கொண்டுவரப்பட்டனர். 1989இல் அவர்களின் நிலை வெளியுலகுக்குத் தெரிந்தபோது ஐரோப்பாவே வெட்கியது. 1967இல் அரசியல் கைதிகள் வந்தனர். 2016இல் சிரியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் படகேறி வந்த அகதிகளின் முகாம் அதே வளாகத்தில் அமைந்தது. கட்டடம் ஒருமுறை அடைக்கப் பழகிவிட்டால் ஆட்சியாளர்க்கு வேறு பயன் தோன்றுவதில்லை போலும்.

1967 ஏப்ரல் 21 இரவில் மீண்டும் கைதான ரிட்சோஸ், கியாரோசுக்கும் பின் லேரோசின் பர்த்தேனி முகாமுக்கும் அனுப்பப்பட்டார். வயது ஐம்பத்தெட்டு, உடல்நலம் கெட்டிருந்தது. பல்வேறு நாடுகளின் எழுத்தாளர்கள் அவர் விடுதலைக்குக் குரல் கொடுத்தனர். அங்கிருந்தபோது, பாட்டுக்கு ஏற்ற புதிய கவிதைகள் வேண்டுமென்று இசையமைப்பாளர் மீக்கிஸ் தெயொதொராக்கிஸிடமிருந்து மறைவாக ஒரு செய்தி வந்தது. ‘எபிதாஃபியோ’சுக்கு இசையமைத்து அதனைத் தேநீர்க்கடைகளுக்கும் துறைமுகங்களுக்கும் கொண்டு சேர்த்தவர் அவர். 1968 செப்டம்பர் 16 அன்று, ஒரே நாளில், ரிட்சோஸ் பதினாறு சிறுபாடல்களை எழுதினார். சாமோஸ் தீவில் வீட்டுக்காவலில் இருந்தபோது அவற்றைத் திருத்தி, 1970 மே முதல் நாள் மேலும் இரண்டைச் சேர்த்தார். ‘கசந்த தாயகத்தின் பதினெட்டுச் சிறுபாடல்கள்’ என அவை பெயர் பெற்றன. அச்சிட வேண்டாம், பாடப்பட்டால் போதும் என்பதே கவிஞரின் முதல் எண்ணம்.

எழுதாத நேரங்களில் அவர் கடற்கரைக் கூழாங்கற்களில் முகங்களை வரைந்தார். கல்லின் மேடும் பள்ளமும் சொல்கிறபடி ஒரு மூக்கு, ஒரு தோள், சாய்ந்த ஒரு தலை. வேர்களிலும் எலும்புத் துண்டுகளிலும் வரைந்தார். சோதனை செய்த காவலர்க்கு அவை வெறும் கற்கள்.

பர்த்தேனிக்குச் செல்பவர் முகாம் இருந்த இடத்துக்கருகில் அய்யா கியுரா என்னும் சிறு கோயிலைக் காணலாம். அதன் உட்சுவர்களில் ஓவியம் தீட்டியவர்கள் கைதிகளே. பைசாந்திய மரபின் பொன்னொளியும் அசைவற்ற நிலையும் அங்கில்லை. ஒட்டிய கன்னமும் உழைத்த கையுமாக, முகாமில் அடுத்த பாயில் படுத்தவரைப் போன்ற முகங்கள் புனிதர்களாகச் சுவரில் நிற்கின்றன. இவை கோயிலுக்கு ஆகா என்று சமயத்தார் சிலர் மறுத்ததும் உண்டு. ஓவியங்கள் நிலைத்தன. சாவி வைத்துப் பூட்டும் பெரிய கோயில் அன்று. வெளியே காற்று, சற்றுத் தொலைவில் விரிகுடா. உள்ளே நுழைபவரின் கண் இருளுக்குப் பழகச் சிறிது நேரம் ஆகும். பிறகு முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.